மஸ்கட் துப்பாக்கிக் காலத்துப் பெரும்போர் கேம்களில் எது உருப்படி? நம் மலைக்கோட்டையை எதிலாவது முற்றுகையிட முடியுமா?

மலையடிவாரம்:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் கிருஷ்ணகிரி, பழையபேட்டைப் பக்கம். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆடி வளர்ந்த கூட்டத்தில் நானும் ஒருவன். ரொம்ப நாள் கழித்து மறுபடி கேம் பக்கம் வந்திருக்கிறேன், ஆனால் மரம் வெட்டி, வீடு கட்டி, ஆள் சேர்த்து, அப்புறம் சண்டைக்குப் போகும் பொறுமை இப்போது இல்லை. நேராகப் போர்க்களம் வேண்டும். ஆயிரக்கணக்கான பேர் வரிசை கட்டி நிற்க வேண்டும், முரசு அடிக்க வேண்டும், மொத்தத் துப்பாக்கியும் ஒரே நேரத்தில் வெடித்து எதிரே ஒன்றும் தெரியாதபடி புகை மூட வேண்டும். 1700க்கும் 1815க்கும் நடுவில் என்றால் ரொம்ப நல்லது, அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றாலும் பரவாயில்லை.

லேப்டாப் பழசு. ஐ5, எட்டு ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. புதுசு வாங்கச் சொல்லாதீர்கள், வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது.

இன்னொன்று. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் சையத் பாஷா மலையும் கோட்டைச் சுவரும் அப்படியே தெரியும். ஹைதர், திப்பு, கிழக்கிந்தியக் கம்பெனி எல்லோரும் இதற்காக அடித்துக்கொண்டார்கள். இந்தச் சண்டையை, இல்லாவிட்டால் தென்னிந்தியச் சண்டை எதையாவது, ஒழுங்காகக் காட்டும் கேம் இருக்கிறதா? தேடினால் வாட்டர்லூவும் கெட்டிஸ்பர்க்கும்தான் வந்து நிற்கின்றன.


ஓசூர்_பி_ஷிப்ட்:

தம்பி, முதலில் லேப்டாப் விஷயத்தை முடித்துவிடலாம். நீ கேட்கிற காட்சிக்கு இன்றைக்கும் டோட்டல் வார் வரிசையில் இரண்டு பேர்தான்: 2009ல் வந்த எம்பயர், 2010ல் வந்த நெப்போலியன். இரண்டும் கிரியேட்டிவ் அசெம்ப்ளி செய்தவை. வயதான கேம்கள் என்பதால் உன் மெஷினில் ஓடும், ஆனால் ஒரு சிக்கல், இவை பெரும்பாலும் ப்ராசசரின் ஒரே ஒரு கோரைப் போட்டுத்தான் வதைக்கும். நாலு கோர் இருந்தாலும் மூன்று வேடிக்கை பார்க்கும். அதனால் பெரிய சண்டையில் திணறல் வந்தால் ரேமைத் திட்டாதே.

செட்டிங்கில் நான் செய்வது இதுதான். நிழல், மரம், புல், தண்ணீர் எல்லாவற்றையும் அடிமட்டத்தில் வைத்துவிட்டு, யூனிட் அளவை, அதாவது ஒரு பிரிவில் எத்தனை ஆள் என்பதை மட்டும் அல்ட்ராவில் விடுவேன். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆளைக் குறைத்துவிட்டுப் புல்லை அழகாக வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இரண்டில் முதலில் நெப்போலியன். சண்டை ஓட்டம் எம்பயரைவிடச் சுத்தம், வாட்டர்லூ, ஆஸ்டர்லிட்ஸ், போரோடினோ எல்லாம் தனித்தனியாகவே ஆடலாம், வீடு கட்டும் வேலையே இல்லை. எம்பயரில் ஆரம்பத்தில் உனக்குக் கோபம் வரும். மூன்று வரிசை ஆட்கள் நிற்பார்கள், முன் வரிசை மட்டும் சுடும், பின்னால் இருப்பவன் சும்மா தோளில் துப்பாக்கியோடு நிற்பான். வரிசை மாறிச் சுடும் பயிற்சியை ஆராய்ச்சி செய்து எடுத்த பிறகுதான் பின்வரிசைக்கு வேலை வரும். முதல் தடவை ஆடுபவர்கள் இதைக் கேமின் கோளாறு என்றே நினைப்பார்கள். கோளாறும் உண்டு, அது வேறு கதை. டார்த்மாட் என்று ஒரு மாட், அதாவது ரசிகர் செய்த மாற்றம் இருக்கிறது, போட்டுக்கொண்டால் எதிரி கொஞ்சம் மூளையோடு நடந்துகொள்வான்.

நம் பக்கம் பற்றிக் கேட்டாய். எம்பயர் வரைபடத்தில் இந்தியா ஒரு தனிக் களம், மராட்டியர்களை எடுத்து ஆடலாம். மைசூரும் இருக்கிறது, ஆனால் நீ ஆட முடியாத குட்டி நாடு. ஆட்டம் 1700ல் தொடங்குவதால் ஹைதர் அப்போது பிறக்கவே இல்லை.


சந்தூர்_மாங்கா:

எம்பயர் இப்போது ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் வந்துவிட்டது. லேப்டாப் கெஞ்சினால் போனில் பாருங்கள். விரலால் வரிசையை இழுத்து நிறுத்துவது நினைத்ததைவிட நன்றாகவே இருக்கிறது, சூடுதான் தாங்காது.


தொப்பூர்_கணவாய்:

ஷிப்ட் அண்ணன் சொன்னதில் பாதிக்குத்தான் நான் கை தூக்குவேன். டோட்டல் வார் கண்ணுக்கு விருந்து, மறுக்கவில்லை. ஆனால் கேட்டது பெரும்போர். 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் நெப்போலியன் பக்கம் சுமார் 73,000 பேர், வெலிங்டன் பக்கம் சுமார் 68,000, சாயங்காலத்துக்குள் வந்து சேர்ந்த பிரஷ்யர்கள் இன்னும் ஒரு 50,000. டோட்டல் வாரில் ஒரு படைக்கு 20 அட்டை, ஒரு அட்டை என்பது ஒரு பிரிவு. அட்டைக்கு 160 காலாள் என்று முழுசாகக் கணக்குப் போட்டாலும் இரண்டு பக்கமும் சேர்த்து ஆறாயிரம் சொச்சத்தைத் தாண்டாது. குதிரையும் பீரங்கியும் கலந்தால் இன்னும் குறைவு. அந்த வாட்டர்லூவில் ஒரு பண்ணை வீட்டுச் சண்டையைத்தான் நீங்கள் ஆடுகிறீர்கள்.

சரி, எண்ணிக்கையை விடுங்கள், அது எனக்கும் பெரிசில்லை. மஸ்கட் சண்டையின் உயிர் நேரத்தில் இருக்கிறது. தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும், துளி மருந்தைத் துப்பாக்கியின் பக்கவாட்டுக் கிண்ணியில் போட்டு மூட வேண்டும், மிச்சத்தைக் குழலில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் கம்பியால் இடித்து இறக்க வேண்டும். நன்றாகப் பழகியவன் நிமிடத்துக்கு மூன்று தடவை சுடுவான், அதுவும் யாரும் அவனைத் திருப்பிச் சுடாதபோது. குழலின் உள்புறம் வழவழப்பு, குண்டு குழலைவிடக் கொஞ்சம் சின்னது, ஆகவே நூறு கஜம் தாண்டினால் குறி பார்ப்பதும் பார்க்காததும் ஒன்று. அதனால்தான் முட்டாள்தனமாகத் தெரிகிற அந்தத் தோளோடு தோள் வரிசை. தனி ஆள் சுட்டால் படாது, முன்னூறு பேர் சேர்ந்து சுட்டால் யார் மீதாவது படும். அப்படியென்றால் முதல் வெடியை எப்போது விடுவது? சீக்கிரம் விட்டால் வீண். பொறுத்தால் எதிரி முதலில் விடுவான்.

இந்தத் தவிப்பைக் கோசாக்ஸ் 2 என்ற பழைய கேம் 2005லேயே பிடித்துவிட்டது. உங்கள் துருப்புக்கு முன்னால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டை தெரியும். எதிரி முரசோடு வந்துகொண்டே இருப்பான், பச்சையில் சுட்டால் நாலு பேர் விழுவார்கள், சிவப்பு வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் பாதி வரிசை சரியும். சுட்டு முடித்த பிறகு குண்டு நிரப்பும் வரை ஒன்றும் செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அப்போது பக்கத்துத் தோப்பிலிருந்து குதிரை வந்தால் அவ்வளவுதான். டோட்டல் வாரில் இந்த வயிற்றுக் கலக்கல் எனக்கு வந்ததே இல்லை.

உங்கள் லேப்டாப்புக்கு அல்டிமேட் ஜெனரல் சிவில் வார் சரியாக இருக்கும். மேலிருந்து பார்க்கிற வரைபடம், பொம்மைகள் சின்னவை, ஆனால் ஒரு பிரிகேடுக்கு ஆயிரக்கணக்கில் ஆள். டார்த்மாட் செய்த ஆளேதான் பிறகு தனிக் கம்பெனி தொடங்கி இதைச் செய்தார். இதில் யாருக்கு எந்தத் துப்பாக்கி என்பது உங்கள் பொறுப்பு. புதுசாகச் சேர்ந்தவனுக்கு வழவழக் குழல் பழசு, தேறியவனுக்கு உள்வரி வெட்டிய ரைபிள், சண்டை முடிந்ததும் களத்தில் கிடப்பதைப் பொறுக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். எதிரியின் தளவாட வண்டியையும் மடக்கலாம்.

நிஜமான பெரும்போர்தான் வேண்டும் என்றால் ஸ்கோர்ஜ் ஆஃப் வார், 2015ல் வாட்டர்லூவும் போட்டார்கள். பார்க்கச் சகிக்காது, மெனு எல்லாம் அரசு அலுவலக விண்ணப்பம். ஆனால் அதில் ஒரு வசதியை இயக்கிவிட்டால் நீங்கள் கிளிக் செய்தது உடனே நடக்காது. உத்தரவு எழுதி, குதிரையில் ஒருவன் எடுத்துக்கொண்டு போவான். போகிறவரை பழைய உத்தரவுதான் நடக்கும். கேமராவையும் தளபதியின் கண் உயரத்தில் கட்டிப்போடலாம், மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்றே தெரியாது. தொப்பூர் இறக்கத்தில் முழு லோடு லாரி ஓட்டுவதைப் போலத்தான், வளைவு வந்த பிறகு பிரேக்கைத் தேடினால் வேலைக்கு ஆகாது.


ஓசூர்_பி_ஷிப்ட்:

விண்ணப்பம் நிரப்ப ஆசைப்படுகிறவர்கள் ஸ்கோர்ஜுக்குப் போகலாம். எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்றுவிட்டு வருகிறவனுக்குக் குதிரைக்காரன் போய்ச் சேரும் வரை காத்திருக்க முடியாது. எனக்குப் புகை வேண்டும்.


ராத்திரி_ராவுத்தர்:

எல்லோரும் தளபதியாகவே யோசிக்கிறீர்கள். வரிசையில் நிற்கிற சிப்பாயாக ஆடிப் பார்த்திருக்கிறீர்களா?

ஹோல்ட்ஃபாஸ்ட் என்று ஒரு கேம், 2020ல் முழுசாக வெளிவந்தது. ஒரு சர்வரில் 150 பேர் வரை, எல்லோரும் நிஜ மனிதர்கள். சாதாரண சர்வரில் கூத்துதான் நடக்கும், ஒருத்தன் பாட்டுக்குக் குழல் ஊதிக்கொண்டிருப்பான், ஒருத்தன் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பான். அதைப் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். வார இறுதியில் ரெஜிமென்டுகள் சேர்ந்து நடத்தும் வரிசைப் போருக்குப் போக வேண்டும். அங்கே வரிசையை விட்டு விலகித் தனியாகச் சுட்டால் ராம்போ என்று திட்டித் துரத்திவிடுவார்கள். அதிகாரி மைக்கில் சொன்னால்தான் துப்பாக்கியைத் தூக்க வேண்டும்.

ஒரு சண்டையைச் சொல்கிறேன். ஒரு சின்ன மேட்டில் எங்கள் இருபது பேர். எதிரே அதே அளவு வரிசை. அவர்கள் முதலில் சுட்டார்கள், எனக்கு இடப்பக்கம் நின்ற மூன்று பேர் காணோம், எங்கள் அதிகாரி இன்னும் சுடச் சொல்லவில்லை. நடக்கச் சொன்னார். எதிரிகள் எல்லோரும் குனிந்து குண்டு நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் கம்பியை மேலும் கீழும் இடிப்பது தெரிகிறது, நாங்கள் நடந்துகொண்டே இருக்கிறோம். பொத்தான் தெரிகிற தூரத்தில் நிறுத்திச் சுடச் சொன்னார். புகை விலகியபோது அங்கே நாலைந்து பேர்தான் நின்றார்கள், அவர்களும் ஓடினார்கள். தொப்பூர் அண்ணன் மேலே எழுதிய முதல் வெடிக் கதையெல்லாம் அந்த இருபது விநாடியில் புரிந்துவிட்டது.

நடைமுறைச் சிக்கல்களையும் சொல்லிவிடுகிறேன். பெரிய நிகழ்ச்சிகள் ஐரோப்பிய நேரப்படி சாயங்காலம், நமக்கு நடு ராத்திரி. பிங் இழுக்கும், நீங்கள் சுட்டது அங்கே போய்ச் சேர்வதற்குள் ஆள் நகர்ந்திருப்பான். அப்புறம் கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ஹோல்ட்ஃபாஸ்ட் தவழும். உங்களுக்கு மவுண்ட் அண்ட் பிளேட் வார்பேண்டில் 2012ல் வந்த நெப்போலியன் போர்கள் இணைப்புதான் சரி, அது எதிலும் ஓடும், ஒரே சர்வரில் 200 பேர் வரை ஆடிய காலமும் உண்டு. இப்போது கூட்டம் குறைவு.


மலையடிவாரம்:

நன்றி அண்ணன்மாரே. நெப்போலியனும் எம்பயரும் சேர்த்து வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன், சேல் வரட்டும். ராவுத்தர் அண்ணா, நடு ராத்திரியில் மைக்கில் கத்தினால் வீட்டில் என்னை மலைக்கோட்டைக்கே அனுப்பிவிடுவார்கள். நம் ஊர்ச் சண்டை பற்றி யாரும் முழுசாகச் சொல்லவில்லையே?


தகடூரான்:

நான் தர்மபுரி. கேமைவிடக் கோட்டைதான் எனக்குப் பழக்கம், ஆனால் பையன் எம்பயர் ஆடுவதை உட்கார்ந்து பார்ப்பேன், சில நாள் அவன் தூங்கிய பிறகு நானும் ஆடுவேன். அதனால் இரண்டையும் சேர்த்துச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

கிருஷ்ணகிரிச் சண்டையை அப்படியே தரும் கேம் எதுவும் என் கண்ணில் படவில்லை. ஏன் வராது என்பதற்குக் காரணம் அந்தச் சண்டைகளிலேயே இருக்கிறது. 1767ல் கம்பெனியின் கர்னல் ஸ்மித் கிருஷ்ணகிரியை முற்றுகையிட்டு உட்கார்ந்திருந்தார். ஹைதர் நேராக வந்து அவரோடு வரிசை கட்டவில்லை. மலையிறங்கி வந்து காவேரிப்பட்டணத்தைப் பிடித்தார். பின்னால் வழி அடைபடுகிறது, தானியம் வராது என்று தெரிந்ததும் ஸ்மித் முற்றுகையை விட்டு சிங்காரப்பேட்டை வழியாகச் செங்கம் பக்கம் பின்வாங்கினார். செப்டம்பர் 3ல் செங்கத்திலும், அதே மாதம் 26ல் திருவண்ணாமலையிலும் நேர்ச் சண்டை நடந்தது, இரண்டிலும் கம்பெனிதான் ஜெயித்தது. கேமில் ஆடினால் உங்களுக்குக் கிடைப்பது அந்த இரண்டு நாள் மட்டும். கிருஷ்ணகிரி முற்றுகை கலைந்தது எந்தக் களத்திலும் இல்லை, இங்கிருந்து செங்கம் போகிற சாலையில்தான் இருக்கிறது.

1791ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் ராயக்கோட்டை கம்பெனி கைக்குப் போய்விட்டது. நவம்பரில் கர்னல் மாக்ஸ்வெல் கிருஷ்ணகிரிக்கு வந்தார். ராத்திரியில் ஏறிக் கீழ்க்கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். மேல்கோட்டையில் இருந்தவர்கள் பாறைகளை உருட்டிவிட்டார்கள். ஏணி நொறுங்கி, ஆள் நசுங்கி, கடைசியில் பேட்டையைக் கொளுத்திவிட்டுத் திரும்பிப் போனார்கள். அந்த வழுக்குப் பாறையில் ஏறியவர்களுக்கு இது ஏன் நடந்தது என்று விளக்க வேண்டியதில்லை. இப்போது எம்பயரில் கோட்டை முற்றுகையைப் பாருங்கள். சமதரையில் நட்சத்திர வடிவக் கோட்டை, ஆளாளுக்குக் கையில் கொக்கிக் கயிறு, மதில் மேல் எறிந்துவிட்டு மளமளவென்று ஏறிவிடுகிறார்கள். அந்தக் கயிறு மாக்ஸ்வெல்லுக்குக் கிடைத்திருந்தால் அன்றைக்கே மேல்கோட்டையும் போயிருக்கும். உருட்டிவிடக் கல் என்ற ஆயுதமே அதில் கிடையாது.

அடுத்தது மாடு. சிரிக்காதீர்கள். இங்கே பீரங்கியை இழுத்தது மாடு, சோறு சுமந்ததும் மாடு. சிதம்பரத்தைக் காப்பாற்ற ஹைதர் இரண்டரை நாளில் நூறு மைல் படையை நடத்தினார் என்பார்கள், அந்தப் பெருமையை இழுத்துப் போன மாட்டுக்குத்தான் கொடுப்பார்கள். திப்பு அந்த மாடுகளுக்கென்று ஒரு துறையே வைத்து அம்ருத் மஹால் என்று பெயரும் சூட்டினார். எதிர்ப்பக்கம் 1791 மே மாதம் கம்பெனியின் தளபதி காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கிட்டத்தில் போய், அரிக்கெரேயில் சண்டையிலும் ஜெயித்துவிட்டு, இழுக்க மாடு இல்லாமல் தன் முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பினார். சண்டையில் ஜெயித்த தளபதி பீரங்கியை உடைக்கிற காட்சியை எந்தக் கேமில் பார்க்கிறீர்கள்? நெப்போலியனில் பனியிலும் பாலைவனத்திலும் ஆள் தேய்வதைக் காட்டுகிறார்கள், அந்த அளவுக்குப் பாராட்ட வேண்டும். பென்னாகரம் பக்கத்து ஆலம்பாடி மாட்டைப் பார்த்தவர்கள் யாராவது இந்தக் கேம்களைச் செய்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

ராக்கெட் இன்னொரு வயிற்றெரிச்சல். இரும்புக் குழலில் மருந்து அடைத்து, மூங்கில் கட்டி, இரண்டு கிலோமீட்டர் வரை விட்டவர்கள் மைசூர்க்காரர்கள். அதைப் பார்த்துத்தான் காங்கிரீவ் இங்கிலாந்தில் தன் ராக்கெட்டைச் செய்தார். நெப்போலியன் கேமில் ராக்கெட் படை பிரிட்டனுக்கு.

1780 செப்டம்பர் 10, காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூர். ஹைதரிடம் மாட்டிக்கொண்ட கம்பெனிக் கர்னல் பெய்லியின் படை சுமார் 3,800 பேர். இன்னொரு கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்தில் இருந்தும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன, சதுரம் கட்டி நின்ற படை அத்தோடு குலைந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இதை ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள், சதுரத்தின் நடுவே பல்லக்கில் பெய்லி, பக்கத்தில் வெடிக்கும் வண்டி. கேமில் பீரங்கி வண்டி எத்தனை தூரம் எதிரிக்கு அருகில் நின்றாலும் இப்படி ஒரு களத்தையே புரட்டிப்போடுவதில்லை.

தேடினால் வாட்டர்லூதான் வந்து நிற்கிறது என்று அலுத்துக்கொண்டீர்களே, அங்கே நின்ற வெலிங்டன் 1799ல் வெறும் கர்னல் வெல்லெஸ்லியாக இந்த வழியில்தான் வந்தார். கம்பெனித் தளபதி ஹாரிஸின் படை மார்ச் மாதத்தில் ராயக்கோட்டையைத் தாண்டி, கெலமங்கலத்தில் கூடாரம் அடித்து மைசூருக்குள் போனது. ஏப்ரல் 5 ராத்திரி சுல்தான்பேட்டைத் தோப்பில் இருட்டிலும் ராக்கெட்டிலும் மாட்டிக்கொண்டு அவர் படை சிதறியது.


ஓசூர்_பி_ஷிப்ட்:

சார், வரலாறு எல்லாம் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் மாட்டுக்குத் தீவனம் வைக்கிற கேமை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? வீட்டில் மாடு வைத்திருக்கிறவனே கேமிலும் அதையா செய்வான்? அப்புறம் எம்பயரை அவ்வளவு தள்ளிவிடாதீர்கள். கேம்பெயினில் ஒரு சின்னக் குதிரைப்படையை எதிரியின் ஊர் மேல் கொண்டுபோய் நிறுத்தினால் அந்த ஊரின் வருமானம் படுத்துவிடும். பெரிய படையோடு மோதாமல் இப்படியே ஊர் ஊராகக் கெடுத்துக்கொண்டு போகலாம். நான் மராட்டியர்களை வைத்து இப்படித்தான் ஆடுவேன். நீங்கள் சொன்ன ஹைதர் வேலைக்குக் கிட்டத்தட்ட இதுதானே?


தகடூரான்:

கிட்டத்தட்டத்தான். ஊரின் வருமானம் குறையும், பக்கத்தில் நிற்கும் எதிரிப் படையின் வயிறு காயாது. அவன் எத்தனை மாதம் வேண்டுமானாலும் அதே இடத்தில் தின்றுகொண்டு நிற்பான். ஸ்மித் செங்கத்துக்குப் போக வேண்டிய அவசியமே வராது.

நான் எரிச்சல்படுவது ஒரே விஷயத்துக்கு. இந்தக் கேம்கள் எல்லாமே ஒரு படையின் தரத்தை அந்த இரண்டு மணி நேர நேர்ச்சண்டையில் வைத்துத்தான் எடைபோடுகின்றன. அப்படிப் போட்டால் எப்போதும் ஐரோப்பியப் பயிற்சிதான் மேலே வரும், 1781ல் பரங்கிப்பேட்டையில் ஹைதரைக் கம்பெனி ஜெயித்தபோது வந்ததைப் போல. அது பொய் என்று சொல்லவில்லை. ஹைதருக்கும் அது நன்றாகத் தெரியும், தெரிந்ததால்தான் முடிந்தவரை அந்தச் சண்டையைக் கொடுக்காமல் கம்பெனியைப் பட்டினி போட்டார். அவருடைய திறமை முழுக்க எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்தைக் கேம் ‘அடுத்த சுற்று’ என்ற பொத்தானை அழுத்தித் தாண்டிவிடுகிறது. நாம் ஆடிவிட்டு மைசூர்ப் படை சொத்தை என்று முடிவு கட்டிவிடுகிறோம். என் பையன் அப்படித்தான் சொன்னான்.

சரி, மலையடிவாரம் தம்பிக்கு உருப்படியாக ஒன்று. நம் பக்கத்துச் சண்டைகளில் இந்தக் கேம்களின் அளவுக்கும் குணத்துக்கும் பொருந்துவது வந்தவாசி, 1760 ஜனவரி 22. கம்பெனித் தளபதி அயர் கூட் (Eyre Coote) என்பவருக்கும் பிரெஞ்சுத் தளபதி லாலிக்கும் நடந்தது, இரண்டு பக்கமும் சேர்த்துச் சுமார் பத்தாயிரம் பேர், அதிலும் பிரெஞ்சுக்காரர் பக்கம் இருந்த மராட்டியக் குதிரைகள் சண்டையில் சேரவே இல்லை. அவர்களைக் கழித்தால் இன்னும் கைக்கு அடக்கம். எம்பயரில் தனிச் சண்டையில் பிரிட்டன், பிரான்ஸ் இரண்டையும் எடு. பிரிட்டனுக்குக் கம்பெனிக் காலாட்படை என்றே ஒரு பிரிவு இருக்கிறது, அதைப் பாதிக்கு மேல் போடு. நிஜத்தில் அந்த வரிசையில் நின்றவர்களில் நம் தமிழ், தெலுங்குச் சிப்பாய்கள் ஏராளம். மேடு பள்ளம் குறைந்த வரைபடம். பிரெஞ்சு இடப்பக்கத்தை ஏதாவது ஒரு மேட்டில் ஊன்று, அங்கே நிஜத்தில் ஒரு ஏரிக்கரை அரண் இருந்தது, கம்பெனியின் குண்டு ஒன்று அங்கே வெடிமருந்து வண்டியில் விழுந்ததும்தான் பிரெஞ்சு இடப்பக்கம் கலகலத்தது. அந்த வண்டி உனக்குக் கிடைக்காது. பதிலாகப் பிரெஞ்சு இடப்பக்கத்துப் பீரங்கியைக் கொஞ்சம் குறைத்து வை.


தொப்பூர்_கணவாய்:

சார் சொல்வதைக் கேட்டதும் ஸ்கோர்ஜில் யாராவது வந்தவாசிக்கு ஒரு களம் செய்தால் எப்படி இருக்கும் என்று தோன்றுகிறது. அதில் குதிரைக்காரன் உத்தரவு எடுத்துக்கொண்டு ஏரிக்கரையைச் சுற்றிப் போக வேண்டியிருக்கும்.


மலையடிவாரம்:

வாங்கிவிட்டேன், சேலுக்குக் காத்திருக்க முடியவில்லை. நெப்போலியனில் ஆஸ்டர்லிட்ஸ் அல்ட்ரா யூனிட்டில் ஓடுகிறது, கிராபிக்ஸ் எல்லாம் அடிமட்டம், கேமராவை மேலே தூக்கி வைத்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு போகிறது. கீழே இறக்கி ஆள் பக்கத்தில் கொண்டுபோனால் படம் படமாக நிற்கிறது.

எம்பயரில் வந்தவாசியையும் ஆடினேன், சார் சொன்ன அமைப்பிலேயே. கம்பெனி பக்கம் நான். பிரெஞ்சு வரிசை இடப்பக்க மேட்டிலிருந்து தானாக இறங்கி வந்துவிட்டது, அவர்களுக்கு அரணின் அருமை தெரியவில்லை. என் கம்பெனிக் காலாட்படையை மூன்று பிரிவாகப் பிரித்து நடுவில் இருந்தவர்களைச் சுட வேண்டாம் என்று நிறுத்தி வைத்தேன், ராவுத்தர் அண்ணன் கதையைப் படித்த தைரியம்தான். பிரெஞ்சு வரிசை சட்டைப் பட்டை தெரிகிற தூரத்துக்கு வந்ததும் விட்டேன். முதல் வரிசை மொத்தமாகப் படுத்தது. ஆனால் அந்த நேரத்தில் புகை கிளம்பியதும் லேப்டாப் மூச்சு முட்டி, அடுத்த காட்சி வருவதற்குள் அவர்கள் துப்பாக்கி முனைக் கத்தியோடு எங்கள் மேல் வந்துவிட்டார்கள். ஜெயித்தேன், பாதிப் பேர் மிச்சம். புகை வரும்போது மட்டும் திணறுவதை எப்படிக் குறைப்பது?


ஓசூர்_பி_ஷிப்ட்:

செட்டிங்கில் துகள் எஃபெக்ட் என்று இருக்கும், அதை ஒரு படி இறக்கு. முழுசாக இறக்காதே, வெடித்த இடத்தில் சின்ன ஊதுபத்திப் புகை மாதிரி வரும், பார்க்கப் பாவமாக இருக்கும். ஸ்கிரீன் ரெசல்யூஷனையும் ஒரு படி குறை, கார்டு இல்லாத மெஷினுக்கு அதுதான் பெரிய சுமை. லேப்டாப்புக்கு அடியில் ஏதாவது கட்டை கொடுத்துத் தூக்கி வை, சூடானால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் திணறினால் பிரெஞ்சு பக்கம் இரண்டு அட்டையைக் கழற்று, மராட்டியக் குதிரையைத்தான் ஏற்கெனவே கழித்தாயிற்றே.


ராத்திரி_ராவுத்தர்:

சட்டைப் பட்டை தெரிகிற தூரம் வரை பொறுத்தவனை எங்கள் வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம். வார்பேண்ட் போட்டதும் சொல்லுங்கள், சனிக்கிழமை ராத்திரி. மைக் வேண்டாம், கேட்டால் போதும்.